கணக்கில் வராத கிணறு

சென்னையிலிருந்து வரும் ரயில் மேல்பட்டியைத் தாண்டிப் பச்சகுப்பத்தை நெருங்கும்போதே வெளியூர்ப் பயணிகள் ஜன்னலை இறக்கிவிட்டுக் கைக்குட்டை தேடுவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் தூக்கம் கலைந்து எழுந்து, சீட்டுக்கு அடியில் கிடக்கும் செருப்பைக் காலால் துழாவுவார்கள். ஸ்டேஷன் பெயர்ப்பலகையைப் படித்து ஆம்பூரில் இறங்கியவர்கள் அந்தக் காலத்தில் விருந்தாளிகள் மட்டும்தான். உப்புத் தோலும் சுண்ணாம்பும் ஊறிய பட்டையும் கலந்த அந்த வாசனை இருட்டிலும் மழையிலும் எங்களை எழுப்பிவிடும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் எந்த ஊரில் பிறந்திருந்தாலும் உங்களுக்கு இது தெரிந்திருக்கும். இப்போது ஏசி பெட்டியில் கண்ணாடி திறப்பதில்லை, ஊர் வரப்போகிறது என்று கைப்பேசி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, வாசனையும் பழைய வாசனை இல்லை.

பழைய வாசனை என்று நான் சொல்வது, எங்கள் நைனா, அதாவது அப்பா, 'பட்டைக் காலம்' என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தைச் சேர்ந்தது. 1960களின் பிற்பகுதி. ஆவாரம் பட்டை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கட்டை வண்டிகள் ரயிலடியிலிருந்து தோல் ஷாப்புகளுக்கு வரிசையாகப் போகும். பள்ளிக்கூடம் விட்டு வரும் நாங்கள் வண்டியின் பின்பக்கம் தொற்றிக்கொள்வோம். வண்டிக்காரர் திரும்பிப் பார்க்காமலே சாட்டையைப் பின்னால் வீசுவார், எங்கள்மேல் படாதபடி வீசுவதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது. ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் முதலில் தண்ணீரில் ஊறி உப்பை விடும். அப்புறம் சுண்ணாம்புக் குழி. மயிரும் சதையும் வழித்த பிறகு பட்டைச் சாற்றுத் தொட்டியில் வாரக்கணக்கில் கிடக்கும். கடைசியில் கடுக்காய். அவசரப்படுத்த முடியாத வேலை அது. அப்படிப் பதமான தோல் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரோடு லண்டன் வரைக்கும் போயிற்று. லண்டனில் யார் ஷூ போட்டு நடந்தாலும் அது எங்கள் நைனா பேரேட்டில் எழுதிய தோல்தான் என்று நான் வகுப்பில் அடித்துச் சொல்லியிருக்கிறேன், அதை நம்பி என்னைச் சுற்றி நின்றவர்களும் உண்டு. சாறு போன பட்டைச் சக்கை மலையாகக் குவிந்து வெயிலில் காயும். அது ஏழை வீட்டு விறகு. எங்கள் பாட்டி, ஆயா என்றுதான் கூப்பிடுவோம், அந்தச் சக்கையைப் போட்டுத்தான் வெந்நீர் காய்ச்சுவாள். அந்தப் புகையில் ஒரு துவர்ப்பு உண்டு, குளித்து முடித்த பிறகும் தலைமயிரில் கொஞ்சநேரம் இருக்கும்.

அந்தக் காலம் அப்படியே திரும்பி வர வேண்டும் என்று கேட்க எனக்கு மனம் வராது. சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவர்கள் பெரும்பாலும் தலித் தொழிலாளர்கள். ரப்பர் பூட்ஸ் கிடையாது, கையுறை கிடையாது, கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து கிடக்கும். சனிக்கிழமை கூலி வாங்க வரிசையில் நிற்கும்போது அவர்கள் தரையில் முழுப் பாதத்தையும் ஊன்றாமல் நிற்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது வாங்கிப் படித்தேன். ஊர்தான் வேறு, குழி அதே குழி. ஆகவே நான் ஏங்குவது அந்தத் தொழிலுக்காக இல்லை. அந்தத் தொழிலுக்குப் பக்கத்திலேயே அன்றைக்கு உயிரோடு இருந்த ஆற்றுக்காகவும், ஆற்றால் நிறைந்த ஒரு கிணற்றுக்காகவும்.

பாலாற்றைப் பற்றிப் புதிதாக வருகிறவர்களுக்கு விளக்குவது கஷ்டம். கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 என்று கணக்குச் சொல்லலாம். ஆனால் பாலத்தின்மேல் நிற்கிறவர் கண்ணுக்கு அன்றைக்கும் பெரும்பாலான மாதங்களில் மணல்தான் தெரியும். தண்ணீர் மணலுக்குக் கீழே ஓடும். சித்திரை வெயிலில்கூட முழங்கை ஆழத்துக்குத் தோண்டினால் ஊற்று கண் திறந்துவிடும். பெண்கள் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, முதலில் கலங்கி வருவதை இறைத்துவிட்டு, தெளிந்த பிறகு கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரமும் பேச்சு. எங்கள் அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் வீட்டுச் சேதியெல்லாம் தெரிந்துகொண்டது ஊற்றங்கரையில்தானாம். குழாய் வந்த பிறகு தண்ணீர் சீக்கிரம் நிறைந்தது, பேச்சு நின்றுபோயிற்று என்று அவள் கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டாள். குழாய் வேண்டாம் என்றும் அவள் சொன்னதில்லை.

தாத்தாவின் நிலம் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், ஆற்றங்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. நெல், கரும்பு, மேட்டில் மல்லாட்டை, வரப்போரம் தென்னை, எல்லாவற்றுக்கும் நடுவில் கல் கட்டிய கிணறு. அந்தத் தண்ணீரின் ருசியை என்னவென்று சொல்வது? இனிப்பு என்றுதான் வாயில் வருகிறது. சர்க்கரையின் இனிப்பு இல்லை, மற்ற எந்தத் தண்ணீரிலும் இல்லாத ஏதோ ஒன்று. அதில் வேகவைத்த துவரம்பருப்பு ஒரு கொதியில் மலர்ந்துவிடும். கேழ்வரகுக் களி மறுநாள் வரைக்கும் கெட்டுப்போகாது. ஆம்பூரில் பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால், முந்தின நாள் சாயங்காலமே இரண்டு வண்டி நிறையப் பித்தளை அண்டாக்களோடு ஆள் வந்து தாத்தாவிடம் தண்ணீர் கேட்பார்கள். சீரகச் சம்பா அரிசி உடையாமல் வேக வேண்டும், காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைக்க வேண்டும், கத்திரிக்காய்க்குப் புளி கரைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான் வேண்டும் என்று பிரியாணி மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்பார்கள். தாத்தா காசு வாங்கமாட்டார். மறுநாள் மதியம் ஒரு தேக்ஷாவில் பிரியாணி வந்துவிடும். வீட்டில் கறி சாப்பிடாத பெரியம்மா ஒருத்தி இருந்தாள், அவளுக்கு மட்டும் தனியாக ஃபிர்னி வரும், அதை அனுப்ப அந்த வீட்டுப் பெண்கள் ஒரு வருடமும் மறந்ததில்லை.

இப்போது தேசிய நெடுஞ்சாலையில் ஆம்பூரைக் கடக்கும்போது பாருங்கள். இரண்டு பக்கமும் பிரியாணிக் கடைகள், சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையில் ஓடுகிற கார்களெல்லாம் அங்கே நிற்கின்றன. நல்லதுதான். எங்கள் ஊர் பெயரைச் சொன்னதும் தெரியாத ஊர்க்காரர் முகத்திலும் ஒரு சிரிப்பு வருகிறதென்றால் அதற்கு அந்தப் பிரியாணிதான் காரணம். எந்தக் கடையிலும் உட்கார்ந்து நான் சந்தோஷமாகவே சாப்பிடுகிறேன். விறகடுப்பும் இருக்கிறது, சீரகச் சம்பாவும் இருக்கிறது, கத்திரிக்காயும் இருக்கிறது. ஆனால் உலையில் கொதிப்பது லாரியில் வந்த தண்ணீர் அல்லது கேனில் வந்த தண்ணீர். ஊருக்குக் குழாயில் வருவதோ மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர். பாலாற்றங்கரையில் பிறந்த எங்கள் பேரப்பிள்ளைகள் காவிரியைக் குடித்து வளர்கிறார்கள்.

நைனா தோல் ஷாப்பில் கணக்குப்பிள்ளை. தாத்தாவுக்கு ஒரே மகன் மண்வெட்டி பிடிக்காமல் பேனா பிடிக்கப் போனதில் வருத்தம் இருந்தாலும், மழை ஏமாற்றின வருடங்களில் வீட்டை நடத்தியது அந்த மாதச் சம்பளம்தான் என்பதும் அவருக்குத் தெரியும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் நீல மைக்கறை, சைக்கிள் ஹேண்டிலில் தொங்கும் டிபன் கேரியர். சாயங்காலம் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே அவர் வருவது வீட்டுக்குள் தெரிந்துவிடும், மணி அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அம்மா அவர் துணியைத் தனி வாளியில் ஊறவைப்பாள். வேலூரில் கல்லூரியில் சேர்ந்த புதிதில் எனக்குள் ஒரு பயம்: என் மேலும் அந்த வாசனை இருக்குமோ என்று. கியூட்டிகுரா பவுடரைக் கழுத்து முழுக்கப் பூசிக்கொண்டு முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தால், பக்கத்தில் உட்கார்ந்த பேரணாம்பட்டுப் பையனும் அதே பவுடரைப் பூசிக்கொண்டு வந்திருந்தான். அன்றைக்கு ஆரம்பித்த சிநேகிதம் இன்னும் தொடர்கிறது.

முதலாளி நல்ல மனிதர். இதை நான் மனதாரச் சொல்கிறேன். ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சி தூக்கில் வீட்டுக்கு வந்துவிடும். தங்கைக்கு டைபாய்டு வந்தபோது வேலூர் சி.எம்.சி.க்குக் கூட்டிக்கொண்டு போகத் தன் காரையே அனுப்பினார். நைனாவை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "கணக்கரே" என்றுதான் கூப்பிட்டார். ஊரில் பள்ளிக்கூடம், கல்லூரி, மருத்துவமனை என்று அறக்கட்டளை வைத்து நடத்தியவர்கள் தோல்காரர்கள்தான். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலிருந்து எத்தனை தலைமுறைப் பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் நடந்ததை நல்லவர் கெட்டவர் கதையாக யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

மாறியது 1970களில். அரைப்பதமான தோலை அப்படியே ஏற்றுமதி செய்தால் நாட்டுக்கு லாபம் குறைவு, முழுமையாகப் பதனிட்டு, பொருளாகச் செய்து அனுப்ப வேண்டும் என்று சீதாராமையா குழு 1972இல் சொல்லிற்று. அடுத்த வருடங்களில் மத்திய அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் குறைத்துக்கொண்டே வந்தது. சரியான யோசனைதான். அதனால்தான் ஷூ கம்பெனிகள் வந்தன, ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிந்தது. பட்டைத் தொட்டிகளுக்குப் பதிலாகப் பெரிய மர டிரம்கள் உருள ஆரம்பித்தன. வாரக்கணக்கில் ஆன வேலை குரோம் உப்பில் ஓரிரு நாளில் முடிந்தது. டிரம்மிலிருந்து தோல் இளநீல நிறத்தில் வெளியே வந்தபோது, வேடிக்கை பார்க்கப் போன நாங்கள் கை தட்டினோம். 'வெட் ப்ளூ' என்று அதற்குப் பெயர் என்று நைனா சொல்லிக்கொடுத்தார். வேகம் கூடியதும் தோலும் கூடியது, தோலோடு உப்பும் கூடியது, எல்லாவற்றையும் கழுவிய தண்ணீரும் கூடியது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் என்று பிற்பாடு நீதிமன்றத் தீர்ப்பில் படித்தேன். அந்தத் தண்ணீர் போவதற்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது.

முதலில் கண்டுபிடித்தது ஆயா. பருப்பு வேகவில்லை. அடுப்பைக் குறை சொன்னாள், செட்டியார் கடைப் பருப்பைக் குறை சொன்னாள், கடைசியில் ஒரு நாள் கிணற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்தி நாக்கில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அப்புறம் சோப்பு நுரைக்கவில்லை. அப்புறம் வடித்த சோறு சாயங்காலத்துக்குள் மஞ்சள் தட்டியது. தென்னையில் காய் சிறுத்தது, இளநீரில் கரிப்பு ஏறியது. கரும்பு போடுவதை நிறுத்தினோம், நெல்லையும் நிறுத்தினோம். கல்யாண வீட்டு வண்டிகள் வருவது நின்றது. யாரும் வந்து இனிமேல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வருடம் வரவில்லை, அவ்வளவுதான்.

இரவுச் சாப்பாட்டில் தாத்தாவும் நைனாவும் எதிரெதிரே உட்காருவார்கள். "உங்க முதலாளிகிட்டச் சொல்லுடா, கெணத்துல உப்பு ஏறுதுன்னு" என்பார் தாத்தா. "சொல்றேம்பா" என்பார் நைனா. இந்தப் பேச்சு இதற்கு மேல் ஒரு நாளும் நீண்டதில்லை. நைனா சொன்னாரா, சொல்லியிருந்தால் என்ன பதில் வந்தது என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒன்று எனக்குப் பிற்பாடு புரிந்தது. மாதாமாதம் எத்தனை உப்புத் தோல் உள்ளே வந்தது, எத்தனை மூட்டை உப்பும் சுண்ணாம்பும் வாங்கினார்கள் என்று பேரேட்டில் எழுதியவர் அவர். வெளியே போன தோலில் அந்த உப்பு இல்லை. வரவில் இருந்து செலவில் இல்லாதது எங்கே போயிற்று என்று ஒரு கணக்குப்பிள்ளைக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தன் அப்பாவின் கிணற்றுக்குத்தான் போகிறது என்று தெரிந்தும், அந்தச் சம்பளத்தில்தான் அந்த அப்பாவுக்கே அரிசி வாங்க வேண்டியிருந்தது என்பதும் தெரிந்து, தினமும் காலையில் சைக்கிளை எடுத்த மனிதரை நான் இன்றைக்கு நினைத்துப் பார்க்கிறேன். அவர்மேல் எனக்கு இருக்கும் பிரியம் அந்த நினைப்பால் கூடுகிறதே தவிர குறைவதில்லை.

1989 இறுதியில் ஜெர்மனி பென்டாகுளோரோஃபீனால் என்ற மருந்தைத் தடை செய்தது. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடுவது அது. போட்டிருக்கும் தோல் வேண்டாம் என்று அவர்கள் சொன்னதும் பாலாற்றங்கரை முழுக்கப் பதற்றம். சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு மாதிரிகள் ஓடின, மாற்று மருந்து வந்தது, புது ரிஜிஸ்டர் போட்டார்கள். நைனா ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் இல்லை. ஜெர்மன்காரர்களின் பாதத்தைப் பற்றி அவர்கள் அரசாங்கம் கவலைப்பட்டது நியாயம். அந்தக் கவலைக்கு எங்கள் ஊர் அவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதும் பெருமைப்பட வேண்டியதுதான். அதே வேகத்தில் கொஞ்சம் கிணற்றின் பக்கம் திரும்பியிருந்தால் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவையும் ஏற்க வேண்டும், கெடுதல் வருமென்ற சந்தேகம் இருந்தாலே தடுக்க வேண்டும் என்பவை இந்த நாட்டின் சட்டமே என்று சொன்ன தீர்ப்பு அது; இன்று இந்தியாவில் சட்டம் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் 'வேலூர் வழக்கு' என்று அதைப் படிக்கிறது. தோல் ஷாப்புக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். பாலாற்றுப் பக்கத்துத் தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டுவிட்டது என்ற மதிப்பீடு அதில் இருக்கிறது. இன்னொரு கணக்கும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது: திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனத்தார் ஒவ்வொரு கிணறாக நடந்து போய்ப் பார்த்து, 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த எண் தீர்ப்பிலேயே ஏறிவிட்டது. கிணற்றை எண்ணலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது பாருங்கள்.

தாத்தா அந்தத் தீர்ப்பைப் பார்க்க இல்லை. அதன்படி அமைந்த ஆணையம் வேலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 29,000 பேரைப் பாதிக்கப்பட்டவர்கள் என்று கண்டு, ஏறத்தாழ 27 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய் சொச்சம். நைனா அந்தச் செய்தி வந்த பேப்பரின் ஓரத்திலேயே வகுத்தலைப் போட்டு வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. வந்த பிறகு ஆற்றில் நேராக விழுவது குறைந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மணல் லாரிகளும் வந்தன. ஊற்றுக் கண் திறந்த மணலையே அள்ளிக்கொண்டு போன பிறகு, கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் மேலே தடுப்பணைகள் எழுந்த பிறகு, ஆறு என்று சொல்ல மிச்சமிருந்தது சீமைக் கருவேலம்தான். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்துக் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பட்டைக் காலத்தில் குழியில் நின்றவர்களின் முகம் இந்த ஊருக்குத் தெரியும். இவர்களை யாருக்கும் தெரியாது.

நைனா போய்ச் சேர்ந்தது சி.எம்.சி. வார்டில். ஐடா ஸ்கட்டர் 1900இல் ஆரம்பித்த அந்த ஆஸ்பத்திரிக்கு எங்கள் சின்ன வயதில் டவுன் பஸ்ஸில் போய் வருவோம். இப்போது அதைச் சுற்றிய தெருக்களில் வங்காள மொழியிலும் இந்தியிலும் போர்டுகள், பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பெரியவர் கல்கத்தாவுக்கும் அப்பாலிருந்து வந்தவர். அவர் மகனும் நானும் மொழி தெரியாமலே இரவெல்லாம் மாற்றி மாற்றிக் காவல் இருந்தோம். காரியமெல்லாம் முடிந்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். வெளுத்து மடித்து வைத்த வெள்ளைச் சட்டைகள். ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் கழிந்தும், பெட்டிக்குள் அந்த வாசனை இருந்தது. கல்லூரியில் நான் பவுடர் பூசி மறைத்த வாசனை. தங்கை ஒரு சட்டையை எடுத்துக்கொண்டாள், நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன். மற்றவற்றைக் கொடுத்துவிட்டோம்.

தங்கை மகள் ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைன் சூப்பர்வைசர். விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ்கள் மலையடிவாரத்துக் கிராமங்கள் வரைக்கும் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வருகின்றன. டிபன் பாக்ஸும் கழுத்தில் அடையாள அட்டையுமாக அவர்கள் இறங்கி நடக்கும் வேகத்தைப் பார்த்தால் எனக்கு மனம் நிறைந்துவிடும். எங்கள் அம்மா கையில் சொந்தமாகக் காசு என்று ஒரு நாளும் இருந்ததில்லை, சிறுவாட்டைத் தவிர. இந்தப் பெண்கள் தங்கைகளைப் படிக்கவைக்கிறார்கள், வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கிப் போடுகிறார்கள், வேண்டாத மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்கிறார்கள். ஒருமுறை பெங்களூரில் ஒரு பெரிய கடையில் வெளிநாட்டுப் பெயர் போட்ட ஷூவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்த தங்கை மகள், "மாமா, இந்த அப்பர் எங்க லைன்ல தைச்சதாத்தான் இருக்கும். இந்த எடத்துல ஊசி திரும்புறதைப் பாருங்க" என்றாள். லண்டன் ஷூவெல்லாம் நைனா எழுதிய தோல் என்று வகுப்பில் அளந்துவிட்ட பையன் எங்கேயோ எனக்குள் துள்ளினான். இவள் சொன்னதில் அளப்பு இல்லை, அவளுக்கு ஊசி திரும்புகிற இடமே தெரிகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது அவள் சில வாரம் சரியாகத் தூங்கவில்லை. ஆர்டர் குறைந்தால் முதலில் யாரை நிற்கச் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஜெர்மனியிலிருந்து ஒரு செய்தி வந்தால் நைனா தூங்காமல் இருந்ததுபோலவே.

2021 நவம்பரில் பாலாறு வந்தது. மழைக்குச் சொட்டும் ஓடை இல்லை, கரை தொட்டுப் புரண்ட ஆறு. 1903க்குப் பிறகு இப்படி ஒரு வெள்ளம் இல்லை என்றார்கள். 1903 வெள்ளத்தில் இறந்தவர்களுக்கு வாணியம்பாடியில் நினைவுத்தூண் இருக்கிறது, அதைத் தாண்டிப் போகும் யாரும் அதுவரை நிமிர்ந்து பார்த்ததில்லை. மாதனூர் தரைப்பாலம் போய்விட்டது, வயல்களும் வீடுகளும் சேதமாயின, அதில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் ஊர் முழுக்கப் பாலத்துக்கு ஓடிற்று. ஆற்றில் தண்ணீரைப் பார்த்தே இராத பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, "பார்றா, இதாண்டா பாலாறு" என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் பேரனுக்குக் காட்டினேன். சில மாதங்களுக்குக் கிணறுகளில் தண்ணீர் ஏறி நின்றது. தாத்தாவின் கிணற்றிலும் ஏறியது. மொண்டு வாயில் வைத்துப் பார்த்தேன். முன்பைவிட உப்பு குறைவு, குடிக்க முடியாது.

2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இழப்பீடு இன்னும் கிடைக்காதவர்களுக்கு அரசு கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடமிருந்து அதை வசூலிக்க வேண்டும். ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு ஆற்றையும் நிலத்தையும் பார்வையிட வேண்டும் என்றது. குழு என்றால் வந்து கேட்பார்கள். எது உங்கள் கிணறு, எந்த வருடம் கெட்டது, அதற்கு முன்னால் என்ன விளைந்தது, யார் குடித்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆயா போய்விட்டாள், அம்மாவும் போய்விட்டாள், பேரேடு எழுதியவரும் போய்விட்டார்.

ஆகவே பாலாற்றங்கரையில் பிறந்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: கிணறு எந்தச் சர்வே எண்ணில் இருந்தது, பருப்பு வேகாமல் போனது எந்த வருடம், கடைசியாக நெல் நட்டது எப்போது. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, அவர்களிடமே கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் கிணற்றுக்கு நான் எழுதிவிட்டேன்.